போர்வை கொடுத்தாயிற்று, பிறகு?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தெருவோரம் வசிப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை சாப்பாடும் போர்வையும் கொடுத்து வருகிறோம். வருஷக்கணக்கில் அதே முகங்கள்தான். இவர்களுக்கு மீண்டு வரும் எண்ணமே இல்லையோ? நிறுத்திவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஆனால் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு மறுவாழ்வை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்களுக்கு எண்ணம் இல்லை என்கிறீர்களே, அந்த முகங்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

உங்கள் பகுதியில் தெருவில் இறங்கி வேலை செய்யும் அமைப்பு எது என்று விசாரித்து, அதோடு சேருங்கள். களப்பணியாளர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஆள் மாறாமல் திரும்பத் திரும்பப் போவார். துணைக்கு இன்னொருவர் இருப்பார். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பமாட்டார், தள்ளி நின்று குரல் கொடுப்பார். அடிபட்டே விழித்துப் பழகியவர், கை பட்டதும் பயத்தில் திருப்பி அடித்துவிடக்கூடும். போட்டோ எடுப்பது, முடியாததற்கு வாக்குக் கொடுப்பது இரண்டும் கூடாது. பல நேரம் பேச்சு பாதத்திலிருந்துதான் தொடங்கும். நாள்கணக்கில் ஈரத்திலேயே இருக்கும் கால், உறைய வைக்கும் குளிர் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குப் புண் வந்ததுகூடத் தெரியாமல் போகலாம். காலைக் கழுவி, விரலிடுக்குவரை ஈரம் ஒற்றி, உலர்ந்த காலுறை மாட்டி, மாற்றுக்கு இன்னொரு ஜோடியும் கொடுக்கும்போது, அதுவரை வாய் திறக்காதவரும் இரண்டு வார்த்தை பேசுவார்.

அடுத்தது ஆவணங்கள். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கோ உதவித்தொகையோ வாடகை ஒப்பந்தமோ எளிதில் நகராது. அட்டை வாங்க முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வீடு வேண்டும். விதி அனுமதிக்கும் இடங்களில் அமைப்பு தன் அலுவலக முகவரியைத் தபாலுக்குக் கொடுத்து இந்த முடிச்சை அவிழ்க்கும். கைக்கு வந்த அட்டையும் நிலைப்பதில்லை. நடைபாதையைச் சுத்தம் செய்கிறவர்கள் மூட்டையை அள்ளும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் அசல் தண்ணீர் புகாத உறையில் அவரிடமும், நகல் அவர் சம்மதத்தோடு அமைப்பிடமும் இருக்க வேண்டும்.

குடியை விட்டால்தான் உதவி என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பல வருஷம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிரே போகலாம். அதற்கு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திருந்திய பிறகு வீடு என்ற வரிசையையே தலைகீழாக்கி, முதலில் வீடு என்று 1992-இல் நியூயார்க்கில் தொடங்கினார் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். ஃபின்லாந்து அந்த வழியை 2008-இல் நாட்டுத் திட்டமாக்கியது. கனடா 2009-இல் ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்த்தபோதும், வழக்கமான உதவி பெற்றவர்களைவிட முதலில் வீடு பெற்றவர்களே அதிக நாள் கூரையின் கீழ் நிலைத்தார்கள்.

நன்கொடையாளர்கள் கண்ணில் படாத கட்டம் அறை கிடைத்த பிறகு வருகிறது. முதல் சில மாதங்கள்தான் ஆபத்து. கட்டில் இருந்தும் தரையில் படுப்பார், கதவை மூடினால் மூச்சு முட்டும். தனிமை தாங்காமல் பழைய சகாக்களை அழைத்து வந்து தங்க வைப்பார். அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். மின்கட்டண அறிவிப்பு வந்தால் பயந்து பிரிக்காமலே வைத்துவிடுவார். இதற்கென்றே ஒன்பது மாதத் துணை முறை ஒன்று உண்டு. முதல் மூன்று மாதம் அடிக்கடி வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மூன்றில் மருத்துவமனை, வங்கி, வேலையிடம் ஆகியவற்றை அவரே சமாளிக்க விட்டு, தடுமாறும் இடத்தில் மட்டும் கைகொடுப்பார்கள். கடைசி மூன்றில் மெல்ல விலகுவார்கள். அறை கொடுத்ததும் வேலை முடிந்தது என்று கோப்பினை மூடிவிடும் அமைப்புகளில், பாதிப் பேர் மறுபடி தெருவுக்கு வந்தாலும் யாருக்கும் தெரியாது.

இந்த ஒன்பது மாதத்துக்குத்தான் பணம் கிடைப்பதில்லை. போர்வைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கும் நன்கொடையில் களப்பணியாளருக்குச் சம்பளமோ பேருந்துக் கட்டணமோ தர முடியாது. சிறு தொகையானாலும் மாதந்தோறும், எதற்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால் பழைய துணி மூட்டை வேண்டாம். புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், அளவு கேட்டு வாங்கிய செருப்பு, பரிசோதித்து வாங்கிய மூக்குக்கண்ணாடி கொடுங்கள். அறைக்குப் போகிறவருக்குப் பூட்டு, வாளி, பாய், விளக்கு, அடுப்பு, இரண்டு பாத்திரம்.

கொடுக்குமுன் அமைப்பிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: போன வருஷம் நீங்கள் குடிவைத்தவர்களில் இன்றும் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்? எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், பெயர் சொல்லி ஒவ்வொருவராக விளக்குகிற இடத்தில் தயங்காமல் சேருங்கள். எத்தனை போர்வை கொடுத்தோம் என்று மட்டும் பதில் வந்தால் வேறு அமைப்பைத் தேடுங்கள்.