செமினாராவில் தோற்றவர் நேபிள்ஸை மீட்டது எப்படி?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். நேபிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் இழந்த நாட்டை மீட்டதைப் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். 1495 ஜூன் 28இல் செமினாராவில் தோற்றவர் ஜூலை 7இல் எப்படித் தலைநகருக்குள் நுழைந்தார்? இதை எவ்வாறு விளக்குவது?

பதில்: நாடு பறிபோன விதத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். 1495 ஜனவரியில் தந்தை இரண்டாம் அல்ஃபோன்சோ மகனுக்கு முடிசூட்டிவிட்டு விலகியபோது, பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸின் படை தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. தந்தை மீதும் பாட்டனார் மீதும் பிரபுக்களுக்கு இருந்த பகை இளைய அரசரின் தலையில் விடிந்ததால், பெரும்போர் ஏதுமின்றியே பிப்ரவரி 22இல் சார்லஸ் நேபிள்ஸுக்குள் புகுந்தார். ஃபெர்டினாண்ட் இஸ்கியா தீவுக்கும், பின்னர் சிசிலிக்கும் தப்பிச் சென்றார்.

இழந்த வழியிலேயே நகரம் திரும்பவும் வந்தது. மார்ச் 31இல் வெனிஸ், மிலான், போப்பாண்டவர், ஸ்பெயின், பேரரசர் மாக்சிமிலியன் ஆகியோர் கூட்டணி அமைத்ததும், திரும்பும் பாதை அடைபடுமென்று அஞ்சிய சார்லஸ், மே 20இல் படையின் ஒரு பகுதியுடன் வடக்கே புறப்பட்டார். பதவிகளும் நிலங்களும் பிரெஞ்சுக்காரர்களுக்கே போவதைக் கண்ட நகர மக்கள் அதற்குள் மனம் மாறியிருந்தனர். ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தெ கோர்தோபா தடுத்தும் கேளாமல் ஃபெர்டினாண்ட் செமினாராவில் மோதித் தோற்றது உண்மைதான். ஆனால் அது செமினாரா இருக்கும் தென்கோடிப் பகுதியான கலாப்ரியாவின் தரைப்பாதையை மட்டுமே அடைத்தது. அவர் சிசிலிக்குத் திரும்பி, கப்பல்களுடன் நேபிள்ஸ் கரையை அடைய, மக்கள் கிளர்ந்தெழுந்து அவரை உள்ளே அழைத்துக்கொண்டனர்.

பலர் இங்கேயே பேச்சை முடித்துவிடுவார்கள். நீங்கள் முடிக்க வேண்டாம். கோட்டைகளில் பிரெஞ்சுப் படையினர் இன்னும் இருந்தனர். அவர்களை எதிர்க்கப் பணமும் வீரர்களும் கொடுத்த வெனிஸ், ஈடாக பிரிந்திசி, திரானி, ஒத்ராந்தோ துறைமுகங்களைப் பெற்றது. என் கணிப்பில் மீட்சியின் உண்மையான விலை இதுதான். நேரம் குறைவாக இருந்தால் போர்க்கள வருணனையைச் சுருக்கி இதற்கு இடம் கொடுங்கள். பிரெஞ்சு அரசப்பிரதிநிதி மான்பென்சியே 1496 ஜூலையில் அதேல்லாவில் சரணடைந்த பிறகே நாட்டின் பெரும்பகுதி கைக்கு வந்தது.

சில வாரங்களில் ஃபெர்டினாண்ட் இறந்தார். சித்தப்பா ஃபெதெரிகோ அரியணை ஏறினார். மீட்க உதவிய ஸ்பெயினே 1500ஆம் ஆண்டின் கிரனாடா ஒப்பந்தத்தில் பிரான்சுடன் சேர்ந்து அந்நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டது ஏன் என்று அவையில் நிச்சயம் கேட்பார்கள். அதற்கான விடையைத் தயாரித்துக்கொண்டு போங்கள்.