சட்டம் கேளுங்கள்: மகளிடம் போனைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் மகள் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய வாட்ஸ்அப் படத்தை ஆபாசமாக மாற்றி, இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கில் யாரோ போட்டிருக்கிறார்கள். போலீசுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும், போனை வாங்கி எல்லாவற்றையும் அழி, படிப்பை நிறுத்து என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
- ஒரு தந்தை, நீடாமங்கலம்

பதில்: ஐயா, போனை வாங்கியிருந்தால் உடனே மகளிடம் திருப்பிக் கொடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது. கும்பகோணம் நீதிமன்றத்தில் இப்படி வருகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். பயத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, குற்றவாளி இன்னார்தான் என்று தெரிந்தும் கையில் ஆதாரமில்லாமல் நிற்கிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை.

தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்கட்டும். அதைவிட முக்கியம், அந்தப் பதிவின் லிங்க், கணக்கின் லிங்க். பெயரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அப்புறம் இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய்யுங்கள். மாற்றப்பட்ட படமானாலும், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால் 2 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அதற்கு முன் 24 மணி நேரமாக இருந்தது.

அதே நாளில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே தரலாம். ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது. காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை" என்றால் நம்பாதீர்கள். எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. படம் பாலுறவுச் செயலைக் காட்டினால் 67ஏ, 5 ஆண்டு வரை. வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் பேசுங்கள்.

படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். தப்பு செய்தவன் வெளியே திரிய, இவள் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

கேள்வி: பள்ளி நண்பர்கள் குரூப்பில் ஒருவன் சிறுமியின் ஆபாச வீடியோவைப் போட்டான். என் போனில் தானாக இறங்கிவிட்டது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. குற்றமா?
- பாபநாசம் வாசகர்

பதில்: தானாக இறங்கியதே குற்றமாகாது. தெரிந்தும் வைத்திருந்தால் சிக்கல். பார்ப்பதும் வைத்திருப்பதும் மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதை, பகிரும் நோக்கம் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அனுப்பியவன் எண், குரூப் பெயர், நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு இன்றே புகார் கொடுங்கள். ஆதாரம் காட்டுவதற்காகக்கூட அந்த வீடியோவை எனக்கோ வேறு யாருக்கோ அனுப்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.