கமென்ட் படிக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் நெருங்கிய தோழி தன் பக்கத்தில் ஒரு கருத்து எழுதினாள். மூன்று நாளாக முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து கண்டபடி திட்டுகிறார்கள். உடம்பைப் பற்றிக் கேலி, அம்மாவை இழுத்துப் பேச்சு, இன்பாக்ஸில் மிரட்டல். எனக்குப் பொறுக்கவில்லை, ஒவ்வொருவனுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன். கடைசியில் அவளே "தயவுசெய்து நிறுத்து" என்று சொல்லிவிட்டாள். நல்லது செய்யப் போய் நான் என்ன தப்பு செய்தேன்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் அந்தத் திட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், ஏனென்றால் பதில் அதிகம் விழும் இடத்தைத்தான் இந்தத் தளங்கள் இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்க் காட்டும். அது அவருடைய பதிவு என்பதால் நீங்கள் எழுதியதற்கும் அவர் போன் அடித்திருக்கும், அதற்கு அவன் திருப்பி எழுதியதற்கும் அடித்திருக்கும். நீங்கள் போட்ட சண்டை முழுக்க அவர் உள்ளங்கையில் நடந்திருக்கிறது. அதனால்தான் நிறுத்தச் சொன்னார், உங்கள்மேல் கோபப்பட்டு இல்லை.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே மாதிரி நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். அது அதிரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கும். அவர் போனைப் பார்க்கவில்லை, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடுங்க, நான் படிக்கிறேன், நீங்க படிக்க வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டு அட்ரஸ் எதுவும் போட்டிருக்காங்களா?" இல்லை என்றதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

நான் சொல்ல வருவது அந்த வேலையைத்தான். தெரியாதவனோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு, அவர் படிக்க வேண்டியதை அவருக்குப் பதிலாக நீங்கள் படியுங்கள். ஆனால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்போதும் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், நொந்துபோய் இருக்கிறவர் உங்களுக்கு வேலை யோசித்துக் கொடுக்க வேண்டியதாகிவிடும். "இன்பாக்ஸை நான் பார்த்து எல்லாத்தையும் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஆமாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். பதிலே வரவில்லையா, அதற்கும் கோபப்படாதீர்கள்.

எடுத்து வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. திட்டை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் பிற்பாடு பெரிதாக உதவாது. எழுதியவரின் யூசர்நேம், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி முழுத்திரையாக எடுங்கள், பதிவின் லிங்க்கையும் தனியாகக் குறித்து வையுங்கள். மேலே தெரிகிற பெயரை எவனும் நிமிஷத்தில் மாற்றிவிடுவான். இதையெல்லாம் முடித்த பிறகுதான் பிளாக், ரிப்போர்ட் எல்லாம். வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்யும்போது கடைசி 5 மெசேஜ்கள்தான் அந்த நிறுவனத்துக்குப் போகும், கூடவே சாட்டை அழிக்கும் வசதியும் அங்கேயே இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு, கையில் இருந்த ஒரே ஆதாரத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

படிக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வெறும் வசவு ஒரு பக்கம். வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், போய்வரும் நேரம், பிள்ளைகள் பெயர் என்று குறிப்பாக எதையாவது சொல்லி மிரட்டுவது இன்னொரு பக்கம். இரண்டாவது ஒன்றே ஒன்று வந்தாலும் அதை உடனே அவரிடம் சொல்லுங்கள், போலீஸுக்குப் போவதாக இருந்தால் கூடவே போங்கள். முதல் வகையை அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டியதே இல்லை.

ரிப்போர்ட் செய்ய நூறு பேரைத் திரட்டலாமா என்று தோன்றும். எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்துப் பதிவை நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. மிரட்டலை "மிரட்டல்" என்ற பிரிவில் போட்டு ஒருவர் சரியாக ரிப்போர்ட் செய்வது, "பிடிக்கவில்லை" என்று நூறு பேர் தட்டுவதைவிட மேல்.

வெளிப்படையாக ஆதரவு தெரிவிக்கவே கூடாதா என்றால், அவருக்குச் சம்மதம் என்றால் கட்டாயம் தெரிவியுங்கள். ஆனால் அவரைப் பார்த்துப் பேசுங்கள், அவர் எழுதிய விஷயத்தைப் பற்றி எழுதுங்கள். திட்டியவனின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு "இவனைப் பாருங்கள்" என்று எழுதினால் அந்த வசவை இன்னும் ஆயிரம் பேருக்கு நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தது போல ஆகிவிடும். மௌனமாக மட்டும் இருந்துவிடாதீர்கள். 1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனி அறையில் இருக்கும் ஒருவர் காதில், இன்டர்காம் வழியாக, யாரோ வலிப்பு வந்து தவிக்கிற குரல் விழும். இதைக் கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்து உதவி கேட்டார்கள். இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். கமென்ட் பகுதியில் ஆயிரம் பேர் இருக்கிறோம். அவரைத் தெரிந்த அத்தனை பேரும் "வேறு யாராவது பேசியிருப்பார்கள்" என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், அவருக்கு ஒரு போன்கூட வந்திருக்காது.

அப்புறம் இரண்டு வாக்கியங்களை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். "ஏன் அப்படி எழுதின?", "போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கு." பலருக்குத் தொழிலும் சிநேகிதமும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. திட்டியவன் நிம்மதியாக உள்ளே இருக்க, திட்டு வாங்கியவர் ஏன் வெளியே போக வேண்டும்?

இத்தனையும் படித்தால் உங்களுக்கும் தூக்கம் கெடும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 16. ஆன்லைனில் பழகிய யாரோ ஒருவருக்கு ஆடையில்லாத படம் ஒன்றை அனுப்பிவிட்டான். இப்போது பணம் கொடு, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டல். அழுதுகொண்டே என்னிடம் சொன்னான். அப்பா அம்மாவுக்குத் தெரியாது.
— ஓர் அக்கா

பதில்: அவனிடம் முதலில் சொல்ல வேண்டியது, "நீ என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு." திட்டுவதற்கு இது நேரமே இல்லை. இன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள், வெட்கத்தில் என்ன வேண்டுமானாலும் யோசிக்கிற வயது அது.

பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஆனால் அந்தப் படத்தை ஆதாரம் என்று நீங்கள் சேமிப்பதோ யாருக்காவது அனுப்புவதோ கூடாது, 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, 2023-ல் வந்தது, 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. (பெரியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ'.) படம் அவன் போனைவிட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண்வரிசையை உண்டாக்கி, அதை மட்டும் அனுப்பும். இதில் சேர்ந்திருக்கிற தளங்களில் அதே படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்க முடியும். சேராத தளங்களில் இது செல்லாது, அதனால் போலீஸ் புகாரும் வேண்டும். அதற்குப் பெரியவர் ஒருவர் துணை தேவை. அப்பா அம்மாவிடம் சொல்லும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திட்டுகிற கூட்டத்தில் என் நண்பனும் இருக்கிறான். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகர்

பதில்: ஊரார் நூறு பேர் சொல்லிக் கேட்காதவன் உங்கள் ஒருவர் சொல்லிக் கேட்கக்கூடும். எல்லோர் முன்னாலும் சொன்னால் வீம்புக்கு நிற்பான், அதனால் போன் செய்யுங்கள். "நீ எழுதினதைப் பார்த்தேன்டா. அதை எடுத்துடு" என்று நேராகச் சொல்லுங்கள், சும்மா விளையாட்டுக்குத்தான் என்பான், அப்போதும் எடுக்கச் சொல்லுங்கள். அவன் அழித்துவிட்டாலும், அதற்கு முன்னால் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருங்கள். திட்டு வாங்கியவர் புகார் கொடுக்க முடிவு செய்து கேட்டால், அதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.