நண்பரின் கார்ச் சாவியை வாங்கும் முன்: பிரிட்டனுக்குப் படிக்க வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக பர்மிங்காம் வந்திருப்பதாகவும், ஒரே வீட்டில் நால்வர் தங்கியிருப்பதாகவும், அவர்களில் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கி "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கும்போது அந்தக் காரை ஓட்டுவதில் என்ன தடை, வருகிற சனிக்கிழமை வட இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகும்போது மாறி மாறி ஓட்டலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. பதினேழு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். இதே கேள்வியை நேரத்துக்குக் கேட்காமல் போனதால் அல்லல்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நம்மவர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்து, செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவர் உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டினால், மூன்றாம் நபருக்கான காப்பீடு அவருக்கும் பொருந்தும். ஆகவே "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் அங்கே போதும். பிரிட்டனில் காப்பீடு பொதுவாக ஓட்டுநரைச் சார்ந்தது. பாலிசியில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டுமே அந்தக் காரை ஓட்டலாம். உங்கள் நண்பர் மனமார "எடுத்துக்கோடா" என்று சொல்வது நட்பின் கணக்கில் சம்மதமே ஒழிய, காவல்துறையின் கணக்கில் உங்களுக்குக் காப்பீடு ஆகாது. அவருடைய கார், அவருடைய பாலிசி, அவருடைய சம்மதம் மூன்றும் இருந்தும், உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் காப்பீடு இல்லாமல் ஓட்டியவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மாடியறையில் தங்கியிருந்த மாணவர் ஒருவர், நண்பரின் காரில் அரிசி மூட்டையும் மளிகைச் சாமான்களும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். வேகமாக ஓட்டவில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை. பின்னால் வந்த காவல் வண்டியின் கேமரா எண் பலகையைப் படித்ததும், அந்தக் காரின் பாலிசி முந்தைய வாரமே காலாவதியாகியிருந்தது திரையில் தெரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கார் இழுவை வண்டியின் மேல் ஏறியிருந்தது. அவர் மழையில், நடைபாதையில், இரண்டு பைகளைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பாலிசி அவன்தானே அண்ணா கட்டணும், எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கேட்டது நியாயம்தான், ஆனால் சட்டம் அந்தக் கேள்வியை ஏற்பதில்லை. காப்பீடு இல்லாமல் ஓட்டியவருக்கு அந்த இடத்திலேயே விதிக்கக்கூடிய தண்டனை 300 பவுண்டு அபராதமும் உரிமப் பதிவில் 6 தண்டப் புள்ளிகளும் ஆகும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை, ஓட்டும் தகுதியையே பறிக்கவும் முடியும். அந்தப் பதிவு 4 ஆண்டுகள் நிற்கும். பிறகு நீங்கள் சொந்தக் காருக்குக் காப்பீடு கேட்கும்போது கட்டணத்தைத் தூக்கிவிடுவதும், பின்னாளில் விசா விண்ணப்பத்தில் குற்றப் பதிவு குறித்த கேள்விகள் வரும்போது எழுத வேண்டியிருப்பதும் அதுதான். வெளிநாட்டு உரிமம் என்பதால் புள்ளிகள் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டுநர் உரிமங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. உங்கள் பெயரில் ஒரு பதிவைத் தொடங்கி அதில் எழுதிவைக்கும். காரைக் கொடுத்தவரும் தப்ப முடியாது, காப்பீடு இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் தனிக் குற்றம்.

உங்கள் உரிமத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் முழு உரிமத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் காரும் பைக்கும் ஓட்டலாம். எல்.எல்.ஆர். இதில் சேராது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் உரிமத்தை அப்படியே மாற்றித் தருவார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. எனவே ஓராண்டு முடிந்ததும் பழகுநருக்கான தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேறியாக வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு, தேர்வில் தேறும் வரை நீங்கள் சட்டப்படி பழகுநர்தான். எல் பலகை மாட்டவேண்டும். பக்கத்தில் அமர்பவர் 21 வயது நிரம்பியவராகவும், இந்த நாடு ஏற்கும் முழு உரிமத்தை 3 ஆண்டுகளாவது வைத்திருப்பவராகவும் இருக்கவேண்டும். ஊரில் பத்து வருடம் ஓட்டிய வீட்டு நண்பர் இந்திய உரிமத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் அது கணக்கில் வராது. ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை பல ஊர்களில் இருப்பதால், பத்தாவது மாதத்தில் யோசிக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம். நண்பரிடம் காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். மின்னஞ்சலில் வந்த ஒரு பக்கக் காகிதம்தான். அதில் வண்டி எண்ணுக்குக் கீழே ஓட்ட உரிமை உள்ளவர்கள் யார் என்று ஒரு வரி இருக்கும், அதற்கும் கீழே எந்த உபயோகத்துக்கு என்று இன்னொரு வரி இருக்கும். முதல் வரியில் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். இரண்டாவது வரியைப் பலரும் படிப்பதே இல்லை. சொந்த உபயோகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும் என்று இருந்தால், அந்தக் காரில் பகுதிநேர வேலைக்குப் போய் வருவதுகூட அதில் அடங்காமல் போகலாம். நால்வரும் அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் நால்வர் பெயரையும் பாலிசியில் சேர்ப்பதே நேரான வழி. கட்டணம் கூடும், அதைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்தைக் குறைப்பதற்காக, அதிகம் ஓட்டாத ஒருவரை முதன்மை ஓட்டுநர் என்று காட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது காப்பீட்டு மோசடி, விபத்து நேரும் நாளில் நிறுவனம் கையை விரித்துவிடும்.

எப்போதாவது ஒரு நாள் மட்டும் ஓட்டவேண்டும் என்றால், சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரைக்கான தற்காலிகக் காப்பீட்டை உங்கள் பெயரில் எடுக்கலாம். வெளிநாட்டு உரிமத்தை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, வயது வரம்பும் வேறுபடும். ஆகவே பணம் கட்டும் முன் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். "எனக்கு வேறு காருக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதனால் எந்தக் காரையும் ஓட்டலாம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை பெரும்பாலும் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எதிராளியின் சேதத்துக்கு மட்டுமே பொருந்தும், இரவல் வாங்கிய காருக்கு ஒரு பைசா வராது.

உணவு விநியோகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு கார் இருந்தால் அந்த யோசனை எப்படியும் வரும் என்பதால் சொல்கிறேன். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. சுயதொழில் கூரியராகப் பதிவு செய்துகொண்டு உணவு கொண்டுபோய்க் கொடுப்பது, வாரத்துக்கு ஒரு மணி நேரமாக இருந்தாலும், விசா நிபந்தனையை மீறுவதாகும். உணவு விநியோகச் செயலியில் இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் அதைவிட நல்ல வழி அல்ல. சாதாரண கார்க் காப்பீடும் அந்த வேலைக்குப் பொருந்தாது. ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டிப் பெற்ற படிப்பை அதற்காகப் பணயம் வைக்காதீர்கள் தம்பி. கூட வரும் நண்பர்கள் பெட்ரோல் செலவைப் பங்கிடுவதில், லாபம் இல்லாதவரை, தவறில்லை.

இந்த நாட்டில் கேமராவுக்குப் பயப்படுவதைவிடத் தபாலுக்குப் பயப்படவேண்டும் என்பேன். வேக வரம்பைத் தாண்டினால், காரின் பதிவில் பெயர் உள்ளவருக்குப் பொதுவாக 14 நாட்களுக்குள் கடிதம் வரும். அன்று ஓட்டியவர் யார் என்று அவர் 28 நாட்களுக்குள் எழுதித் தரவேண்டும். பதில் தராவிட்டால் அவருக்கே 1000 பவுண்டு வரை அபராதமும் 6 புள்ளிகளும் விழலாம். நால்வர் ஓட்டும் காரில், மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலை 6.40க்கு ஓட்டியது யார் என்று யாருக்கு நினைவிருக்கும்? என் வீட்டு மாணவர்களுக்கு நான் செய்துகொடுத்த ஏற்பாடு மிக எளியது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று, அதில் நூலால் கட்டிய பேனா, இரண்டும் காரின் முன்பெட்டியிலேயே கிடக்கும். எடுத்த நேரம், விட்ட நேரம், பெயர், மைல் கணக்கு ஆகியவற்றை எழுதாமல் யாரும் சாவியை ஆணியில் மாட்டக்கூடாது. பிறகு வந்த ஒரு கடிதத்தில் யார் என்ற சச்சரவே எழவில்லை, நோட்டைத் திறந்து பார்த்ததோடு முடிந்துவிட்டது.

ஏற்கெனவே புள்ளிகள் உள்ள நண்பர் "நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு, அபராதத்தை நான் கட்டுகிறேன்" என்று கெஞ்சினால் ஒருபோதும் இசையாதீர்கள். நீதியின் போக்கைத் திசைதிருப்பிய குற்றமாக அது மாறும். முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹியூன் வேகக் குற்றம் ஒன்றின் புள்ளிகளைத் தம் மனைவியின் பேரில் போட்ட விவகாரத்தில், 2013இல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அமைச்சராக இருந்தவருக்கே அந்தக் கதி.

உங்கள் சனிக்கிழமைப் பயணத்துக்கு என் யோசனை இது. பாலிசியில் பெயர் உள்ள நண்பர் ஒருவரே ஓட்டினால் போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகும், களைப்பில் ஓட்டுவது ஆபத்து. ஆகவே இரண்டாவது ஓட்டுநராக உங்களில் ஒருவருக்கு மட்டும் அந்த நாளுக்கான தற்காலிகக் காப்பீடு எடுத்துவிடுங்கள். காப்பீடு தொடங்கும் நேரம் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நேரத்துக்கு முந்தியதாக இருக்கட்டும், வண்டி எண்ணை இருமுறை சரிபாருங்கள். வண்டி ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தரும் எம்.ஓ.டி. சான்றும் சாலை வரியும் நடப்பில் உள்ளனவா என்பதை அரசின் இணையதளத்தில் எண்ணைத் தட்டினாலே தெரிந்துகொள்ளலாம். சான்றிதழைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள், மலைப்பகுதியில் இணையம் கிடைக்காமல் போகலாம். எங்காவது இடித்துவிட்டால் சிறிய கீறலாக இருந்தாலும் நின்று, பெயரும் முகவரியும் வண்டி எண்ணும் பரிமாறிக்கொள்ளுங்கள். அது முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்லவேண்டும்.

தற்காலிகக் காப்பீடு கிடைக்கவில்லை என்றால் ரயிலில் போங்கள். 26 வயது தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவர் என்ற முறையில் 16-25 ரயில் அட்டை உங்களுக்குக் கிடைக்கும், பெரும்பாலான பயணச்சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள விண்டர்மியர் நிலையத்தில் இறங்கினால் ஏரிக்கரைக்குப் பேருந்து இருக்கிறது.