கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு பெண் நகைச்சுவைக் கலைஞர் மேடையில் தொடர முடியுமா? குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதியவர்கள் எல்லாரும் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு", "நேரத்தைத் திட்டமிட்டால் எதுவும் முடியும்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட மேடை ஏறியவராகத் தெரியவில்லை. நான் 22 வருஷமாக ஏறுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்டவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதத்திலேயே தெரிகிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வந்தவர்களுக்குப் பெண்ணையும் பிடித்திருக்கிறது, எழுந்து போகும்போது மட்டும் "அந்த மேடை வேலை இனிமேல் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சரிதானே தங்கச்சி? இல்லையென்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் சினிமாவிலோ டிவியிலோ இருப்பவள் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் நடிகை. தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி நாடகங்களைக் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடத்துவதுதான் ஸ்பெஷல் நாடகம். இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் போடும் கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் போடும் கதாநாயகி ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக முன்பணம் கொடுத்துப் பேசுவார்கள். ஒத்திகை கிடையாது, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்போம். கதை தொடங்குவதற்கு முன்னால் பபூன் என்கிற கோமாளி வருவார், அப்புறம் டான்ஸ் வருவாள். இருவரும் சேர்ந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார வைக்க வேண்டும். பெயர்தான் டான்ஸ். அதில் முக்கால்வாசி பேச்சு, காமெடி. பபூன் போடும் பந்தை அந்த நொடியே திருப்பி அடிக்காவிட்டால் ஜனம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். எங்களைக் கலைஞர் என்று சொல்லக்கூட யோசிப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நிற்க நேரம் இருக்காது. மாதத்தில் 20 ராத்திரி வெளியூர். சாயங்காலம் 5 மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் வீடு. மழைக்காலத்தில் முன்பணம் கொடுக்க ஆள் வராது. அந்த மூன்று மாதத்துச் சம்பாத்தியத்தில்தான் வருஷம் பூராவும் ஓட வேண்டும். ஆகவே "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன்" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.

எனக்கு 2005-ல் கல்யாணம். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். நாங்களே விரும்பிச் செய்துகொண்டது. என் அம்மாவும் டான்ஸ் நடிகைதான், ஆனால் கணவர் குடும்பம் நாடகத்தையே எட்டிப் பார்க்காத குடும்பம். 2007-ல் பெண், மூன்று வருஷம் கழித்துப் பையன். இரண்டு பேரையும் ராத்திரி பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டது என் மாமியார். அவர் இல்லையென்றால் நான் ஒரு மேடைகூட ஏறியிருக்க முடியாது. ஆனால் அதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. மாமியார் என்றால் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தைக்கு வாய் ஜாஸ்தி. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தாளம் இருக்கும். ஒருநாள் களைப்பில் பாத்திரம் துலக்காமல் படுத்துவிட்டேன். காலையில் என் தலைமாட்டில் நின்று கேட்டார்: "ஏன்டி, சோத்துப்பானையைக் கழுவுறதுக்கும் ஒருத்தன் ஆர்மோனியம் வாசிக்கணுமா?" எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே புருஷன் பொண்டாட்டி சண்டை காமிக்கில் மாமியார் குரலில் அதை எடுத்துவிட்டேன். ஆர்மோனியக்காரர் பெரிய கைகாரர். பானை என்று நான் சொன்னதுமே இரண்டு கட்டையை அமுக்கி நிறுத்தினார். கூட்டம் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அன்றிலிருந்து அத்தை பேசுவதெல்லாம் எனக்கு மேடைக்கு உபயோகம் ஆனது. "மாமியார் காமிக் பண்ணும் டான்ஸ் வேணும்" என்று கேட்டே முன்பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அத்தைக்கு இது தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் என் நாடகம் பார்க்க வந்ததில்லை.

2014 சித்திரையில் அவர் பிறந்த ஊர்த் திருவிழாவில் எனக்கு நாடகம். பிள்ளைகளோடு அவரும் வந்தார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் சாக்கை விரித்து, பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து நான் பார்த்தேன். பார்த்தும் செய்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பானைப் பேச்சுக்குச் சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் எடுத்தேன். மாமனார் இறந்து ரொம்ப வருஷம். தினம் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது அத்தை அவர் படத்தைப் பார்த்துச் சண்டை போடுவார். "போனியே, ஊரெல்லாம் கடன் கொடுத்தியே, யார் யாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். அதைத்தான் செய்தேன். பித்தளைத் தட்டு ஒன்றைப் படம் மாதிரி பபூன் தூக்கிப் பிடிக்க, நான் அதன் முன்னால் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு அத்தை நிற்கிற மாதிரியே நின்றேன். கொட்டகையே அதிர்ந்தது. விசில் ஓய்ந்து நான் திரும்பிப் பார்த்தபோது சாக்கு காலியாக இருந்தது.

விடிந்ததும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறித் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என்னையச் சொன்ன, சரி. அந்த மனுசன என் பொறந்த ஊரு சனத்துக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்திட்டியே."

நான் அப்போதும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. கலை என்றால் நாலு இடத்தில் கேட்டதைத்தான் பேச முடியும் என்று அவரிடம் போனில் வாதாடினேன். அடுத்த 16 நாள் என்ன ஆனது என்று சொல்கிறேன். என் கணவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். ஒரு நாடகத்துக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றை விட முடியாமல் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய மேக்கப் இடம். துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். டூயட் முடித்து வந்து பார்க்கிறேன், பிள்ளை தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். விழாக் கமிட்டி ஆட்கள் நாலு பேர் உள்ளே வந்து பீடி குடித்துக்கொண்டு, அவளிடம் "நீ எப்ப பாப்பா ஆடப் போற?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் ஏழு வயசுப் பிள்ளை பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைக்கும்போது அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

மறுநாளே அத்தையைக் கூப்பிடப் போனேன். காலில் விழப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே இரண்டு நிபந்தனை சொன்னார். மாமனாரை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. அடுத்தது, ஒரு நாடகத்துக்கு 300 ரூபாய் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "பிள்ளையப் பாக்குறதுக்கு ஒரு கூலி, என் பேச்சை எடுத்து விக்கிறியே அதுக்கு ஒரு கூலி. ரெண்டுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்" என்றார். அப்போது எனக்கு ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு. கொடுத்தேன். 2019-ல் அவர் கண்மூடும் வரைக்கும் ஒரு நாடகத்துக்குக்கூடத் தவறவில்லை.

"மாமியாருக்குக் கூலி கொடுத்தாளாம், இதெல்லாம் ஒரு குடும்பமா" என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். எழுதுங்கள். பபூனுக்கும் வீட்டில் ஒரு பெண் சம்பளமில்லாமல் ராத்திரி முழுக்கப் பிள்ளையோடு கிடக்கிறாள். குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. லாரியில் போகும் என் கணவரிடமும் கேட்டதில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, ஊரில் இருக்கும் நாளில் சோறு ஆக்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்புகிறவர்தான்.

நம் பக்கம் பெரிய பெயர் வாங்கியவர்களையும் பாருங்கள். மனோரமா ஆச்சி பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடையிலிருந்து போனவர். 1958-ல் மாலையிட்ட மங்கையில் தொடங்கி ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தார். கல்யாணம் நிலைக்கவில்லை, கையில் ஆண் குழந்தை. அந்தக் குழந்தையை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டதால்தான் அவரால் ஊர் ஊராகவும் படம் படமாகவும் ஓட முடிந்தது. ஆச்சியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கணவர் என். எஸ். கிருஷ்ணனோடு ஜோடியாகக் காமெடி செய்த டி. ஏ. மதுரம் அம்மா இன்னொரு விதம். 1944 கடைசியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், 1947-ல்தான் விடுதலை. அதுவரை நாடக சபாவை மூட விடாமல், நடிகர் சகஸ்ரநாமம் துணையோடு நடத்தி, அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன வழக்கின் செலவையும் அந்த அம்மா சமாளித்தார். குடும்பத்தையும் மேடையையும் தனித்தனியாக வைத்திருந்தால் கணவரை மீட்டிருக்க முடியுமா? குடும்பம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று தராசு பிடிக்கிற பேச்சே எனக்குப் புரிவதில்லை.

நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் விதி வந்தது. திருவிழா என்று அனுமதி கொடுத்தாலும் ராத்திரி 12 வரைதான், அதுவும் வருஷத்தில் சில நாள். எங்கள் நாடகம் தொடங்குவதே 10 மணிக்கு. நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிற ஊரில் சத்தம் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், ஸ்பீக்கர் பெட்டிகளைக் குறையுங்கள். ஆனால் ஆடல் பாடல் நிகழ்ச்சியையும் நூறு வருஷத்து நாடகத்தையும் ஒன்றாகப் போட்டு "சீக்கிரம் முடி" என்றால் எப்படி? நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது பபூன், டான்ஸ் பகுதியைத்தான். ஒரு ஊரில் முழு ராத்திரிக்குப் பேசிவிட்டு, அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டு, பாதிப் பணத்தை நீட்டினார்கள். விடியும் வரை முதல் பஸ்ஸுக்குக் காத்து நானும் இன்னொரு பெண்ணும் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதைப் பற்றி யார் கேள்வி கேட்கிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கலைஞர்களுக்கும் சேர்த்து நான் பேசவில்லை. நகரத்தில் ஸ்டாண்ட் அப் செய்யும் பெண்களுக்கும் படப்பிடிப்புக்குப் போகிறவர்களுக்கும் வேறு கஷ்டம் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் "என்னை மேடைக்கு விடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். கல்யாணம் பேசும்போது எல்லாரும் விடுவேன் என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பிள்ளையோடு யார் படுப்பது, அவருக்கு என்ன கொடுப்பது, அவருக்கு உடம்பு முடியாவிட்டால் அடுத்து யார், இந்த மூன்றையும் ஆள் பேரோடு பேசிவிடுங்கள். அம்மாவாக இருந்தாலும் பணம் கொடுங்கள். கையில் கொடுங்கள், கணக்கில் போட்டேன் என்று சொல்லாதீர்கள். வீட்டு விஷயத்தை மேடைக்கு எடுப்பதாக இருந்தால் யாருடைய பேச்சோ அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, 16 நாள் பட்டேன்.

அத்தை அந்த 300 ரூபாய்களைச் சேர்த்து இரண்டு வெள்ளாடு வாங்கினார். மூன்று வருஷத்தில் அது ஏழு ஆனது. அப்புறம் சீசன் தொடங்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு, ஆட்டையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை, கூலியை 500 ஆக்கு என்றார். 400-ல் முடித்தோம்.