அருளா, பரிசா?

அன்புள்ள ஐயா,
மகனுக்கு ஜான் என்று பெயர் வைக்கப்போகிறோம். 'கடவுள் கொடுத்த பரிசு' என்று பொருளாம். ஆங்கிலத்தில் எச் இல்லாமல் எழுதினால் எண்கணிதப்படி நல்லது என்கிறார்கள். எழுதலாமா? யஹ்யாவும் இதே பெயர்தானா?

அன்புள்ள தம்பி,
பிள்ளைக்கு என் ஆசிகள். எண்கணிதத்துக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை. யஹ்யா என்று குர்ஆன் சொல்வது திருமுழுக்கு யோவானைத்தான்; ஜான்தான் தமிழ் பைபிளில் யோவான். அரபுக் கிறிஸ்தவர்கள் அவரை யூஹன்னா என்பார்கள்.

ஆனால் 'பரிசு' என்று யார் சொன்னது? பிள்ளைக்குச் சூட்டும் முன் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா? எபிரேயத்தில் இது யோகனான். யோ என்பது யாவே என்ற கடவுள் பெயரின் சுருக்கம். ஹனன் வினைமுற்று: அருளினார். 'கொடுத்தார்' என்பதற்கு நத்தான் என்று வேறு வினையே இருக்கிறது. யோனத்தான், நத்தானியேல், மத்தேயு எல்லாம் அதன் பிள்ளைகள். ஹனனின் வழியில் வந்தவள் அன்னாள். யோகனானின் இரண்டு துண்டையும் இடம் மாற்றினால் அனனியா. மேலிருப்பவர் மனமிரங்கிக் கீழே பார்ப்பது ஹனன். கையில் ஏதும் வந்து சேராவிட்டாலும் அருள் அருள்தான்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதைச் சரியாகப் பிடித்தார்கள். யோவான் அவர்களுக்கு அருளப்பர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர்.

கி.பி. 70-இல் ரோமர்களின் எருசலேம் முற்றுகைக்குள் நின்று கடைசிவரை போரிட்ட தலைவர்களில் ஒருவர் கிஸ்காலா ஊர் யோகனான். சவப்பெட்டிக்குள் படுத்து அதே நகரைவிட்டு வெளியேறி, யவ்னேயில் கல்விக்கூடம் கண்டதாக யூத மரபு போற்றுபவர் யோகனான் பென் சக்காய். 1968-இல் எருசலேமின் வடபுறம் ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் 11.5 செ.மீ. இரும்பாணி, முனை வளைந்திருந்ததால் பிடுங்க முடியாமல் எலும்போடு நின்றுவிட்டது. சிலுவையில் அறையப்பட்ட அந்த இளைஞனின் பெயர் பெட்டியிலேயே வெட்டப்பட்டிருக்கிறது: யெகோகனான். அவனைப் பெற்றவர்களும் 'கடவுள் அருளினார்' என்றுதான் கூப்பிட்டார்கள், தம்பி. இதை யோசித்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

எச்சுக்கு வருகிறேன். ஹனனின் முதல் எழுத்து தொண்டையிலிருந்து எழும் ஹேத் என்ற எபிரேய எழுத்து. கிரேக்கத்தில் அந்த ஒலிக்கு எழுத்தில்லை. இயோவான்னேஸ் என்றபோது அது உதிர்ந்தது. லத்தீன்காரர்கள் இயோஹான்னெஸ் என்று எச் சேர்த்து எழுதினார்கள். ஆங்கில ஜானில் ஒலிக்காமல் நிற்பது அந்த எச்தான். அதை எடுத்தால் வழக்கத்தில் அது யோனத்தானின் சுருக்கம். நீங்கள் சொன்ன பரிசு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஜான்தான் வேண்டுமென்றால் எச்சோடு பதியுங்கள்.