512 மார்க் வைத்துக்கொண்டு லா காலேஜா?

அம்மா, உங்கள் மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் சுமார்தான். சயின்ஸ் குரூப்பில் தட்டுத்தடுமாறி, ஃபெயிலான ஒரு பாடத்தை ‘சே’ என்கிற மறுதேர்வில் எழுதி, பிளஸ் டூவை 1200-க்கு 512-ல் முடித்திருக்கிறார். இப்போது வக்கீலாக வேண்டும் என்கிறார். “இந்த மார்க்குக்கு எவன் சீட் தருவான்” என்கிறார் அப்பா. கேரளத்தில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறைக்குக் கோவை பக்கம், பேச்சும் நம் பேச்சு, அங்கே போட்டுப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

கோவையை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ரேங்க் போடுகிறார்கள். அதோடு, வெளிமாநிலப் பிள்ளைகளைப் பொதுப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். அதற்குக் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், தம்பி வைத்திருப்பது 42.67. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அவருடைய பழைய மார்க்தான் அவருக்கு எதிரி.

கேரளத்தில் கணக்கு வேறு. இங்கே பிளஸ் டூ மார்க் வாசல்படி மட்டும்தான். அதைத் தாண்டிவிட்டால் கே.எல்.இ.இ. என்கிற கேரளச் சட்ட நுழைவுத் தேர்வில் எடுப்பதுதான் ரேங்க். 512 வாங்கியவரும் 1150 வாங்கியவரும் அங்கே ஒரே கோட்டில் நிற்பார்கள். பத்தாம் வகுப்பு மார்க்கையோ, எத்தனை தடவை எழுதிப் பாஸ் ஆனார் என்பதையோ ரேங்குக்கு யாரும் பார்ப்பதில்லை. சயின்ஸ் குரூப் என்பதும் தடை இல்லை.

அந்த வாசல்படியின் உயரம்தான் உங்கள் வீட்டுப் பிரச்சினை. பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், அதாவது 540. எஸ்.இ.பி.சி. என்கிற பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு 42, அதாவது 504. எஸ்.சி., எஸ்.டி.க்கு 40, அதாவது 480. எஸ்.இ.பி.சி. என்றால் தம்பி எட்டு மார்க் மிச்சத்தோடு உள்ளே. பொதுப் பிரிவு என்றால் 28 மார்க் குறைவு. எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லைப் பக்கத்தில் பலர் வழுக்குவது இங்கேதான். கோயமுத்தூரில் இருக்கும் மாமன் வீட்டுக்கு பி.சி. என்றால் நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல. வசதியான குடும்பங்களைச் சலுகையிலிருந்து கழிக்கும் கிரீமி லேயரைத் தமிழ்நாட்டில் பி.சி.க்குப் பார்ப்பதில்லை, இங்கே பார்ப்பார்கள். அதனால் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வில்லேஜ் ஆபீஸுக்குப் போங்கள். உங்கள் சமூகம் கேரளப் பட்டியலில் இருக்கிறதா, நான்-கிரீமி லேயர் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். விண்ணப்பம் தொடங்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம்தான், எனவே எஸ்.சி., எஸ்.டி. அல்லாத பட்சத்தில் இந்த மார்க்குக்கு வழியில்லை.

உங்கள் சமூகம் கேரளப் பட்டியலில் இல்லை என்று தெரிந்தால்? மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. ஏதாவது ஒரு டிகிரியில் 45 சதவீதம் எடுத்தால் அதற்கும் கே.எல்.இ.இ. எழுதலாம், பிளஸ் டூ சதவீதத்தை மறுபடி கேட்க மாட்டார்கள். சொல்லப்போனால், படிக்கும் பழக்கமே விட்டுப்போன பையனுக்கு இந்தச் சுற்று வழி நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. தபால் வழி டிகிரியும் செல்லும், ஏனென்றால் அவர் பிளஸ் டூ பாஸ் செய்தவர். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரியைத்தான் சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஏற்பதில்லை. பத்தாவதோடு நின்றுபோன சொந்தக்காரப் பையன்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

டொனேஷன் கொடுத்தால் 40 சதவீதத்துக்கும் சீட் என்று புரோக்கர் யாராவது வருவார். இந்த 45, 42, 40 பார் கவுன்சில் வைத்த கோடு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் அதேதான். காசு கட்டிப் படித்து முடித்த பிறகு வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட்டில் மாட்டிக்கொண்டால் ஐந்து வருடமும் வீண்.

இனி தம்பி விஷயம். மார்க் ஏன் குறைந்தது? சயின்ஸ் குரூப் அவர் கேட்டதா, நீங்கள் சேர்த்ததா? கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டவர் சட்டத்திலும் விடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீளமாக உட்கார்ந்து ஆங்கிலம் படிக்க முடியாவிட்டால் சட்டம் கெமிஸ்ட்ரியை விடக் கொடுமை. தினமும் ஆங்கிலப் பேப்பரில் ஒரு தலையங்கத்தைப் படித்து, உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாதம் பாருங்கள். நடுவில் ஒரு நாள் சித்தூர் முன்சீப் கோர்ட்டில் பின்வரிசையில் போய் உட்காரட்டும், யாரும் தடுக்க மாட்டார்கள். வாய்தா, வாய்தா என்று காலை முழுக்கப் போவதைப் பார்த்த பிறகும் வக்கீல் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் வில்லேஜ் ஆபீஸ் சொன்ன பதிலோடும் மார்க் லிஸ்டோடும் அவரையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் கூட வர வேண்டாம்.